ஆவுளியாவும் அறுந்த வலையும்

குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. மலைபடுகடாம் போற்றும் நன்னனின் நாட்டில், ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூரில் இருந்துகொண்டு கடல்வாழ் உயிர்களைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றோடு கலந்து வங்கக் கடலையே சென்றடைகிறது. அக்கடலில் பிடித்த மீனும் கருவாடும் நம் சந்தைக்கு வந்து சேர்கின்றன. மீனைப் பிடித்த வலையில் வேறு எந்த உயிர் மாண்டது என்று அறிய வேண்டிய கடமை அதனை வாங்கி உண்பவனுக்கும் உண்டு.

கடற்பசு என்று நூல்கள் குறிக்கும் விலங்கைப் பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என்பர். அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம், தொண்டி, கீழக்கரை எனத் தமிழகம் நன்கறிந்த ஊர்களை ஒட்டிய ஆழமற்ற கடலில் கடற்புல் மேய்ந்து அது வாழ்கிறது. அது மீன் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் இனம். பருவமெய்தவே பல ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ 13 மாதங்கள் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகும். இத்துணை மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒரு தாய் மடிவதும் பேரிழப்பே.

இவ்விலங்கு மாள்வது எங்ஙனம்? முற்காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடினர். இன்று வேட்டையினும் வலையே பெரும் பகையாய் உள்ளது. திருக்கை மீனுக்காகக் கடலடியில் விரிக்கும் பெருங்கண் வலைகளில் மேயவந்த ஆவுளியா சிக்குகிறது. நுரையீரலால் மூச்சுவிடும் அவ்வுயிர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். வலை பிடித்து நிறுத்தினால் மூச்சடைத்து மடிகிறது. கடலில் பிறந்த உயிர் கடல்நீரிலேயே மூழ்கிச் சாவது கொடுமையன்றோ? பருத்தி நூல் வலை போய், எளிதில் அறாததும் நீரில் கண்ணுக்குப் புலப்படாததுமான நைலான் வலை வந்தபின் இத்தீங்கு பெருகிற்று.

இது நம் கடலுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்களும் ஓங்கில்களும் இவ்வாறு வலையில் மடிவதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வாக்கிட்டா என்னும் சிறு கடற்பாலூட்டி, வேறொரு மீனுக்காக விரித்த வலைகளில் சிக்கிச் சிக்கி இன்று பத்து என்னும் எண்ணிக்கையளவில் நிற்கிறது. பெருங்கடல்களில் மிதக்கவிடும் நெடுவலைகளை 1992ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991இல் தீர்மானித்தது. ஆயினும் கரையோர வலைகளை அத்தீர்மானம் தொடவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. அதனைக் கொல்வோர்க்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கன என்பதில் ஐயமில்லை.

ஆனால் நடுக்கடலில் வலையை இழுக்கும் வேளையில் அங்கே அரசும் இல்லை, அதிகாரியும் இல்லை. மீனவன் ஒருவனே இருக்கிறான். வலையில் ஒலியெழுப்பும் கருவிகளைக் கட்டி விலங்குகளை விலக்கும் முறை சில இனங்களுக்குப் பயன்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது ஆவுளியாக்கள் அவ்வொலிக்கு விலகிச் செல்லவில்லை. ஆகவே, உயிரோடு சிக்கிய ஆவுளியாவுக்கு வலையை அறுக்கும் கையே துணை. அந்த வலையோ பெரும்பாலும் கடன் பட்டு வாங்கியது. அறுத்தால் பொருள் இழப்பு. விலங்கு செத்துக் கிடந்தால் வழக்கு வருமோ என்னும் அச்சம். அச்சம் மிகுந்தால் உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு வாய் மூடிக்கொள்ளத் தோன்றும். எத்தனை மாண்டன என்னும் கணக்கும் அதனோடு மறைந்துபோகும்.

இத்தகைய நிலையிலும் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர் நம் கரையில் உளர். வனத்துறை அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியுள்ளது. பரிசு நன்று, ஆயினும் பரிசு வேறு, ஈடு வேறு. மராட்டிய அரசு 2018 முதல், காக்கப்பட வேண்டிய உயிரை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவர்க்கு ரூ.25,000 வரை இழப்பீடு தரும் திட்டத்தை நடத்திவருகிறது. அத்தொகையை அவர் யாரிடமும் இரந்து பெறவில்லை, உரிமையாகப் பெறுகிறார். நம் கரையிலும் அறுந்த ஒவ்வொரு வலைக்கும் உரிய விலை, அலைக்கழிப்பின்றி, அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் கைக்கு வர வேண்டும். தற்செயலாய்ச் சிக்கி மாண்டதை மறைக்காமல் உரைப்பவன் குற்றவாளியாக நடத்தப்படலாகாது. வேண்டுமென்றே கொன்று இறைச்சி விற்பவனுக்கு மட்டும் சட்டம் தன் கடுமையைக் காட்டட்டும்.

ஈடு தரும் பணம் எங்கிருந்து வரும் எனக் கேட்கலாம். மீனால் அந்நியச் செலாவணி ஈட்டும் நாடு இது; மீனை வாங்கி உண்ணும் மக்களும் நாமே. ஆதாயம் அனைவர்க்கும், இழப்பு மட்டும் ஒருவனுக்கு என்பது அறமாகாது.

மாணவச் செல்வங்களே! கடலோரத்து நண்பன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருப்பின் ஆவுளியாவைப் பற்றி அவனிடம் கேளுங்கள். நூல்களில் இல்லாத செய்திகள் அவனிடம் இருக்கும். பெரியோர்களே! ஊரிலும் பேரவையிலும் குரல் உயர்த்தும் ஆற்றல் உங்களுக்கு உண்டு. மீனவனின் அறுந்த வலைக்காகவும் ஒரு சொல் சொல்லுங்கள். இந்நாட்டுக் கடலில் எஞ்சியுள்ள ஆவுளியாக்கள் சில நூறே. அவற்றைக் காக்கும் கை வெறுங்கையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.