மயனும் வரலாறும்

கன்னியாகுமரிக் கடற்பாறையில் 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறந்துவைக்கப்பட்டது. அதனை ஆக்கிய வை. கணபதி ஸ்தபதி (1927–2011) உளியோடு எழுதுகோலும் ஏந்தியவர். சிற்பியைக் கூலியாளனாக மதிக்கும் மனப்பான்மையை அவர் வாழ்நாள் முழுவதும் சாடினார். கணிதமும் தத்துவமும் கைவரப்பெற்ற அறிஞனே சிற்பி என்றார். இதனை மறுப்பாரிலர்.

ஆயின், இதற்கு அவர் நாட்டிய வரலாறு ஏற்கற்பாலதன்று. சிற்பநூல் மரபு மயன் என்னும் ஆதிச் சிற்பியிடம் தோன்றியது என்றும், மத்திய அமெரிக்காவின் மாயர் நாகரிகமும் அவனோடு தொடர்புடையது என்றும் அவர் கொண்டார். பெயரொலி ஒத்திருத்தல் சான்றாகுமா? கடல் கடந்தோர் யாவர்? எக்காலத்திற் கடந்தனர்? இவ்வினாக்களுக்கு விடையின்றி எழுப்பப்படுவது நம்பிக்கையாகலாம், வரலாறாகாது.

மண்டகப்பட்டுக் கல்வெட்டை நோக்குக. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றியே கோயில் அமைத்ததாக 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் அதிற் பெருமிதங் கொள்கின்றான். புதுமை செய்தவனுக்கன்றோ அப்பெருமிதம் உரியது? அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், குடைவரையிலிருந்து ஒற்றைக்கல் இரதத்துக்கும், அதிலிருந்து மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கும் பல்லவர்காலச் சிற்பிகள் முன்னேறினர். யாவும் ஆதியிலேயே முற்றுப்பெற்றிருப்பின், இம்முயற்சிகளுக்குப் பொருளேது?

ஈழத்தவர்க்கும் இவ்வினா புறம்பானதன்று. பொலநறுவையிற் கண்டெடுக்கப்பட்ட சைவப் படிமங்கள் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. அவை சோழநாட்டில் வார்க்கப்பட்டனவா, இந்நாட்டிலேயே வார்க்கப்பட்டனவா என்று ஆய்வாளர் வாதிட்டுள்ளனர். மயனே மூலம் என்று அமைதி காண்பவர்க்கு அவ்வாதம் வேண்டாததாகிவிடும். அவ்வாறே, கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைக் கொழும்புத் தமிழர் நன்கறிவர். அக்கல்லைப் பொளிந்த கைகள் எவருடையவை என்று வினவுவோர் எத்துணைப் பேர்?

புரவலன் பெயர் ஒருபுறம் சிற்பியை மறைக்கின்றது. மயன் பெயர் மறுபுறம் மறைக்கின்றது. சிற்பியை உயர்த்தப் புகுந்த ஸ்தபதியின் கொள்கை, சிற்பியின் சொந்த அறிவை ஆதிகால ஒருவனுக்கு உடைமையாக்கி, அவனைப் படியெடுப்பவனாகத் தாழ்த்திவிடுகின்றது. அவர் செதுக்கிய கல்லைப் போற்றுவோர் அவர் சொல்லையும் போற்றவேண்டுவதில்லை. பழமை காட்டிப் பெருமை தேடுவதை விடுத்து, எந்தக் கை, எந்தக் காலத்தில், எதனைப் புதிதாகக் கண்டது என்று ஆராய்வதே சிற்பிக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.