அளந்தவர் பெயர் எங்கே?

புத்தளம் மாவட்டத்து முந்தல் பக்கத்து இறால் பண்ணையொன்றில் குளத்தடிக் கொப்பியைப் புரட்டினேன். விடியற்காலை ஒட்சிசனும் பிற்பகல் ஒட்சிசனும் வாரம் முழுக்க ஒரே எண். இரவெல்லாம் குறைந்து, வெயில் ஏற ஏறக் கூடுவதுதான் குளத்து ஒட்சிசன். அப்படியானால் யாரோ அளக்காமலே எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அளப்பவர் நாட்கூலிக்காரர்; கட்டம் காலியாக இருந்தால் திட்ட ஆளுண்டு, எண் பிழையென்றால் கேட்க ஆளில்லை. தலைமை அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றுபவர் குளத்தையே பார்த்ததில்லை. தரவுக்கு எல்லோரும் பொறுப்பு என்று கம்பனிகள் சொல்வது இப்படித்தான் முடிகிறது. 1996இல் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய் இந்தக் கரையைப் படுத்திய பாடு நமக்குத் தெரியும். பண்ணைகளுக்குத் தண்ணீர் தரும் ஒல்லாந்தர் கால்வாயில் ஒருவர் திறந்துவிடும் தண்ணீரைத்தான் அடுத்தவர் இறைக்கிறார்; நோயும் அதோடு போகும். பொய் எண்ணும் அதே வழியில்தான் போகும். எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்று வகுக்கும் பயிர்க் கலண்டரும், குஞ்சுகளில் வைரஸ் உண்டா என்று பார்க்கும் பீசீஆர் பரிசோதனையும் நல்லவையே, ஆனால் செத்து ஒதுங்கும் இறாலை முதலில் காண்பவர் குளத்தடி ஆள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அளந்தவர் பெயர் வேண்டும். சந்தேகம் வந்தால் மதகைத் திறக்காதே என்று முகாமையாளரிடமே சொல்லும் அதிகாரமும், அதற்கேற்ற நிரந்தரச் சம்பளமும் அந்தப் பெயருக்கு உரியவருக்குக் கிடைக்க வேண்டும்.