காயம் ஒரு பக்கம், ஒற்றை கோல் ஒரு பக்கம்: உருளுவது மட்டும் கோச்சின் தலை!

ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்கு மாலை, தோற்றால் கோச்சுக்கு ஓலை. கால்பந்து உலகில் இது எழுதாத சட்டம்.

சீசன் முடிந்ததும் எல்லோரும் பட்டியலைப் பார்க்கிறார்கள். நம்ம அணி 8-வது இடமா? தூக்கு கோச்சை! அணி ஏன் அங்கே போய் விழுந்தது என்று நிதானமாகக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால் பல தடவை இரண்டு விஷயங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். முக்கியமான ஆட்டக்காரர் யார் காயத்தில் படுத்தார்? ஒரு கோலில் முடிந்த ஆட்டங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன?

நம்ம ஊர் அணியையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையின் எப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய அணி. 2019-20-ல் இறுதி ஆட்டம் வரை வந்து கொல்கத்தா அணியிடம் தோற்றது. அடுத்த சீசன் கொரோனா சீசன். ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தன.

அந்த 2020-21 சீசனில் சென்னை அணி ஆடியது 20 ஆட்டம். வெற்றி 3, தோல்வி 6, டிரா 11! வந்த மூன்று வெற்றியும் 2-1 என்ற கணக்கில்தான். மொத்தம் போட்ட கோல் 17. கிடைத்தது 8-வது இடம்.

கேப்டன் ரபேல் கிரிவெல்லாரோ, பிரேசில்காரர். பந்தைப் பக்குவமாக எடுத்துக் கொடுத்து மற்றவர்களைக் கோல் போட வைக்கிற ஆசாமி. அவர் பாதி சீசனிலேயே காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அணி முட்டி மோதியதே தவிர, பந்து வலைக்குள் போகவில்லை. டிரா வெற்றியாக மாறினால் இரண்டு புள்ளி கூடும். அந்தப் பதினொன்றில் பாதியை ஜெயித்திருந்தால் சென்னை அணி முதல் நாலு இடத்துக்கு மல்லுக்கட்டியிருக்கும்.

சாம்பியனுக்கே அந்த கதி!

'காசில்லாத அணிக்குத்தான் இந்தப் பாடு' என்று நினைக்க வேண்டாம். அதே 2020-21-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் பட்ட பாட்டைப் பாருங்கள்.

முந்தைய சீசனில்தான் 99 புள்ளி எடுத்து, 30 ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டத்தைப் பிடித்திருந்தார்கள். இரண்டாவது வந்த மான்செஸ்டர் சிட்டியை விட 18 புள்ளி அதிகம். கேட்டால் அசுர அணி என்றுதான் தோன்றும். அசுர அணிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த 32 வெற்றியில் 14 வெற்றி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை.

ஷெபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் எதிரணி கோல் கீப்பர் கையில் விழுந்த பந்து நழுவிக் காலுக்கிடையே உருண்டு உள்ளே போனது. 1-0. லெஸ்டர் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் பெனால்டி. 2-1. ஆஸ்டன் வில்லாவுடன் 87-வது நிமிடம் வரை பின்னால் இருந்து, கடைசியில் இரண்டு கோல் போட்டுத் தப்பினார்கள். இதில் நாலைந்து ஆட்டம் திரும்பியிருந்தால் அந்த 99 எங்கே போயிருக்கும்?

அதற்கும் முந்தைய 2018-19-ல் இதே லிவர்பூல் 97 புள்ளி எடுத்தும் பட்டம் இல்லை. சிட்டிக்கு 98. இருவரும் 2019 ஜனவரி 3-ந் தேதி மோதிய ஆட்டத்தில் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் பந்தைக் கோட்டில் வைத்து உதைத்து வெளியேற்றினார். முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் பாக்கி! ஆட்டம் 2-1 என்று சிட்டிக்குப் போனது. லிவர்பூல் அந்தச் சீசனில் தோற்ற ஒரே லீக் ஆட்டம் அதுதான்.

உடைந்தது முழங்கால், உடைந்தது அணி

2020 அக்டோபர் 17. உள்ளூர் எதிரி எவர்ட்டனுடன் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே எவர்ட்டன் கோல் கீப்பர் பிக்போர்டு பாய்ந்த பாய்ச்சலில், லிவர்பூலின் பின்கள மலை விர்ஜில் வான் டைக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது. பிக்போர்டுக்குச் சிவப்பு அட்டை கூட இல்லை! கடைசி நேரத்தில் ஹெண்டர்சன் போட்ட வெற்றி கோலும் மயிரிழை ஆப்சைடு என்று ரத்தானது. 2-2.

நவம்பரில் இன்னொரு பின்கள ஆட்டக்காரர் ஜோ கோமஸ், இங்கிலாந்து அணிப் பயிற்சியில் முழங்காலைக் கெடுத்துக் கொண்டார். ஜனவரி கடைசியில் மூன்றாமவர் ஜோயல் மாட்டிப் கணுக்காலில் அடிபட்டு விழுந்தார். மூன்று பேரும் காலி.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்களத்தில் ஓட்டை விழுந்ததும் நடுக்களத்திலிருந்து பபின்யோவை இறக்கினார்கள். பிறகு கேப்டன் ஹெண்டர்சனையும் இறக்கினார்கள். விளைவு? பின்னால் ஒரு ஓட்டை இருந்தது போக நடுவிலும் ஓட்டை. பந்தைப் பறித்து முன்னால் அனுப்ப ஆளில்லை. கோல் வற்றிப் போனது. ஆன்பீல்டு மைதானத்தில் ரசிகர் கூச்சலும் இல்லை.

அந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டமாகத் தோல்வியே காணாத அணி, 2021 ஜனவரி 21-ந் தேதி பர்ன்லியிடம் 0-1 என்று மண்ணைக் கவ்வியது. பிறகு பிரைட்டன், சிட்டி, எவர்ட்டன், செல்சி, புல்ஹாம். சொந்த மைதானத்தில் வரிசையாக ஆறு தோல்வி! கிளப் சரித்திரத்திலேயே கிடையாது. அந்த ஆறில் நாலு ஆட்டம் 0-1. போன வருஷம் கை கொடுத்த அதே ஒற்றை கோல், இந்த வருஷம் காலை வாரிவிட்டது.

குற்றவாளி யார்?

காயம் விதி. சரி. ஆனால் மாற்று ஆள் இல்லாதது விதியா? 2020 ஜூலையில் லோவ்ரென் என்ற பின்கள ஆட்டக்காரரை ரஷ்யாவின் ஜெனித் அணிக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. மிச்சமிருந்த மூவரில் கோமஸும் மாட்டிப்பும் ஏற்கெனவே அடிக்கடி அடிபட்டவர்கள். பிப்ரவரி 1-ந் தேதி, ஆள் வாங்கும் கெடு முடிகிற அன்றைக்கு அவசரமாக இரண்டு பேரைப் பிடித்தார்கள். அதில் பென் டேவிஸ் என்பவர் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம் கூட ஆடாமலே போய்விட்டார்! இந்தக் கணக்கை நிர்வாகத்தின் தலையில்தான் எழுத வேண்டும்.

கோச் யுர்கன் குளோப்பை அவர்கள் நீக்கவில்லை. பபின்யோவைப் பழையபடி நடுக்களத்துக்கு அனுப்பினார் குளோப். பின்களத்தை நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் போன்ற அனுபவமில்லாத பையன்களிடம் ஒப்படைத்தார். வில்லியம்ஸ் முந்தைய சீசனில் 6-வது டிவிஷன் அணியில் ஆடிக் கொண்டிருந்தவர். கடைசி 10 ஆட்டத்தில் 8 வெற்றி, 2 டிரா. மே 16-ந் தேதி வெஸ்ட் பிராம்விச்சுடன் 95-வது நிமிடத்தில் கோல் கீப்பர் அலிசன் முன்னால் ஓடி வந்து தலையால் முட்டி வெற்றி கோல் போட்டார். 69 புள்ளியுடன் மூன்றாவது இடம். மறு சீசனில் வான் டைக் திரும்பினார். புதிதாகக் கொனாட்டே வந்தார். 92 புள்ளி, இரண்டு கோப்பை. அந்த இரண்டு கோப்பையும் பெனால்டி உதையில் வந்தவைதான்!

சென்னையில் என்ன நடந்தது? 2020-21 சீசன் முடிந்ததும் கோச் சாபா லாஸ்லோ போனார். அடுத்து வந்த பாண்டோவிச் சீசன் முடிவதற்குள்ளேயே போனார். இடம் 8. பிறகு பிரடாரிச். இடம் மறுபடியும் 8. மூன்று வருஷம், மூன்று கோச், ஒரே இடம்.

2023-ல், முன்பு இறுதி ஆட்டம் வரை கொண்டு போன ஓவன் காயிலையே திரும்பக் கூப்பிட்டார்கள். 2023-24-ல் சென்னை அணி 6-வது இடம் பிடித்து நாக்-அவுட் ஆட்டத்துக்குள் நுழைந்தது. அங்கே கோவாவிடம் தோற்று வெளியேறியது. ஸ்கோர் 1-2.