காம்யுவைத் தெரியும், தங்கராஜைத் தெரியாது

நம் இலக்கியக் கூட்டங்களில் கால்பந்து நுழைவதற்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. ஆல்பெர் காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர் என்ற செய்தி. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' நாவலைப் படித்தவர்களுக்கு அது தெரியும், படிக்காதவர்களுக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாக வாசித்தவர் நபக்கோவ் கேம்பிரிட்ஜில் கோல் காத்த கதையைச் சேர்த்துக்கொள்வார். திரைப்படச் சங்கப் பழக்கம் உள்ளவர் பீட்டர் ஹண்ட்கே 1970இல் ஒரு கோல்கீப்பரை நாயகனாக்கி எழுதிய நாவலையும், விம் வெண்டர்ஸ் அதைப் படமாக்கியதையும் சொல்வார். அதன்பின் தனிமை, காத்திருத்தல், குற்றவுணர்வு என்று பேச்சு நீளும். தேநீர் ஆறிப்போகும் வரை நீளும்.

அதே அரங்கில் பீட்டர் தங்கராஜ் யார் என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டுப் பார்த்திருக்கிறோம். "எந்தக் கட்சிங்க?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு நண்பர். சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. 'மைதான்' என்ற இந்திப் படம் 2024இல் வெளிவரும் வரை எங்களில் பாதிப்பேருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அல்ஜியர்ஸின் மைதானத்தை மனக்கண்ணில் காண முடிகிற நமக்கு, கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிற மைதானம் கண்ணில் படவில்லை. இக்கட்டுரை எங்கள் மீதான குற்றச்சாட்டாகவும்தான் எழுதப்படுகிறது.

மேட்டுப்பாளையம் சாலையில் போய், பர்லியாறு கடந்து, குன்னூரைத் தாண்டினால் வெலிங்டன். 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மலை அது. அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. ஐதராபாத்தில் பிறந்து, அங்குள்ள சிறிய சங்கங்களில் ஆடிவிட்டு, 1953இல் அந்த மையத்தில் சேர்ந்தவர் தங்கராஜ். பட்டாளத்துக்கு வந்தபோது அவர் ஆடிய இடம் நடு முன்களம். கோல் போடுகிறவராக வந்தவர் கோல் காப்பவராக ஆனது ராணுவத்தில்தான். அவர் நின்ற அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய சங்கங்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த கோப்பை, இந்த மலையில் பயிற்சி பெற்ற ஓர் அணியிடம் இருமுறை வந்தது. காம்யு நோபல் பரிசு பெற்றது 1957. அதற்கு அடுத்த ஆண்டு தங்கராஜ் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். முதல் செய்தி நம் சிற்றிதழ்களில் எத்தனை முறை அச்சேறியிருக்கிறது என்பதையும், இரண்டாவது செய்தி எத்தனை முறை என்பதையும் வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இருந்தார். 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் கோல் காத்தார். தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் போட்ட கோல்களைப் பற்றி வங்காளத்திலும் பஞ்சாபிலும் இன்றும் பேசுகிறார்கள். அவற்றைத் தோல்வியாக மாறவிடாமல் காத்தவரைப் பற்றி அவர் பெயரின் மொழியைப் பேசுகிற நாம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை. 1967இல் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

எங்கள் சண்டை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓய்வுக்குப் பின் அவர் பயிற்சியாளரானார். கோவாவில் வாஸ்கோ சங்கம், பிறகு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், கடைசியாக பொக்காரோ எஃகு ஆலை. 2008 நவம்பர் 24 அன்று பொக்காரோவிலேயே இறந்தார். கோவா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட். வெலிங்டன் மலைக்குக் கீழே உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரும் இந்தப் பட்டியலில் இல்லை.

"அவர் ஐதராபாத்காரர், பிழைப்புக்காகப் போன இடத்தில் இருந்தார், இதில் நமக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு மனிதர் எங்கே வாழ வேண்டும் என்று சொல்ல நாம் யார்? ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் ஏன் வரவில்லை என்பது நம் கேள்வியில்லை. கோல்கீப்பர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு தனித் தொழில், அதற்கு ஓர் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்காவது தோன்றியிருந்ததா என்பதே கேள்வி.

தோன்றியிருக்காது. கொங்கு நாட்டின் எந்தப் பள்ளி மைதானத்துக்கும் ஒரு மாலை போய்ப் பாருங்கள். இரண்டு செங்கல், அல்லது இரண்டு ஜோடி செருப்பு, அதுதான் கோல். அணி பிரித்து முடித்ததும் கடைசியாக மிஞ்சுகிற பையனைப் பார்த்து, "டேய், நீ போய் கோலி நில்லு" என்பார்கள். ஓட முடியாதவன், பருத்தவன், தாமதமாக வந்தவன், சட்டை அழுக்கானால் வீட்டில் அடி விழும் என்று பயப்படுகிறவன். பள்ளி அணியிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. மற்ற பத்துப் பேருக்கும் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி கொடுப்பார். கோல்கீப்பருக்குக் கொடுக்கப்படும் பயிற்சி, அந்தப் பத்துப் பேரும் அவனை நோக்கி வரிசையாகப் பந்தை உதைப்பது. பயிற்சி அவர்களுக்கு, அவன் சுவர்.

கோல் என்பது 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள வெளி. எவ்வளவு உயரமான மனிதனும் அதை உடம்பால் அடைத்துவிட முடியாது. ஆகவே அந்த வெளியைச் சிறிதாக்கக் கற்கிறான். உதைக்க வருகிறவனை நோக்கி எத்தனை அடி முன்னே வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பந்து காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் தன் இரண்டு பாதங்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா, பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் பந்துக்குப் போவதா நிற்பதா, விழும்போது எலும்பு அடிபடாமல் எந்தப் பக்கத்தைத் தரைக்குக் கொடுப்பது, முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களிடம் எந்தச் சொல்லை எப்போது கத்துவது. இவற்றில் ஒன்றும் தானாக வராது. பக்கத்தில் நின்று, நூறு முறை விழுந்து காட்டி, நூற்றியோராவது முறை தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துகிற ஒருவர் வேண்டும். பவானியில் ஜமக்காளத் தறிக்குழியில் பெரியவர் அருகே உட்கார்ந்து கற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும்.

தொழிலும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றிலிருந்து அவன் காலாலும் ஆடத் தெரிந்தவனாக இருக்க வேண்டியதாயிற்று. எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற விதி 2025இல் வந்துவிட்டது. கோல்கீப்பிங் பயிற்சியாளருக்கென்றே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தனி உரிமப் படிப்புகளை வைத்திருக்கிறது. உலகம் இதைத் தனிக் கலையாக ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. நாம் இன்னும் செருப்பு வைத்துக் கோல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"கோயம்புத்தூருக்கே தேசிய லீக் பட்டம் வந்ததே" என்று ஒரு குரல் எழும். வந்தது. 2019 மார்ச் 9 அன்று, நேரு ஸ்டேடியத்தில், சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் பட்டத்தை வென்றது. 43 புள்ளிகள், இரண்டாம் இடத்தில் நின்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சென்னையின் பெயர் கொண்ட அணியைத் தன் அணியாக ஏற்றுக் கோவை கொண்டாடியது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அந்த அணியின் கோல்கீப்பர் நவ்செட் சான்டானா, ஸ்பெயின் நாட்டவர்.

அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாகவே காத்தார். வெளிநாட்டவர் வரக் கூடாது என்பதும் எங்கள் வாதமல்ல. இந்த ஊரின் வரலாறே வேறு பாடத்தைச் சொல்கிறது. ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அதே 1962இல் இங்கே லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று, நூற்பு இயந்திரங்களை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பம்பு செட்டானாலும் வெட் கிரைண்டரானாலும், அடுத்தவன் செய்ததைப் பிரித்துப் பார்த்து நாமே செய்துகொள்வோம் என்பதுதான் கோவைக்காரனின் பெருமை. அந்தப் பெருமையை வைத்தே கேட்கிறோம். ஒரு நல்ல கோல்கீப்பர் இந்த ஊரில் நின்று ஆடினார். அவர் நின்ற முறையைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்த பத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரை நாம் அவர் பக்கத்தில் நிறுத்தினோம்? 2020-21 பருவத்தோடு அந்த அணியும் தேசிய லீக்கிலிருந்து மறைந்தது. இயந்திரம் வந்தது, ஓடியது, போயிற்று. பட்டறை மிஞ்சவில்லை.

தமிழ்நாடு ஆட்டக்காரர்களையே தரவில்லை என்று சொல்லவில்லை. ராமன் விஜயன், தன்பால் கணேஷ், மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், நந்தகுமார் சேகர், சிவசக்தி நாராயணன் என்று வரிசை நீளமாகவே இருக்கிறது. வரிசையை இன்னொரு முறை படியுங்கள். அத்தனை பேரும் முன்களத்திலும் நடுக்களத்திலும் ஆடியவர்கள். ஓட்டமும் வேகமும் தெருவிலேயே கிடைத்துவிடும். கோல்கீப்பரைத் தெரு உருவாக்காது. வெலிங்டனைப் போல ஒழுங்கும் மைதானமும் வேளாவேளைக்குச் சோறும் உள்ள ஓரிடமே உருவாக்கும். அப்படிப்பட்ட இடங்கள் இங்கே இல்லாமலும் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் மாருதி கல்லூரி இருக்கிறது. ஊருக்கு ஊர் பொறியியல் கல்லூரிகளும், அவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களும் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு கோல்கீப்பிங் பயிற்சியாளர், முன்னாள் கோல்கீப்பர்களுக்கு உரிமப் படிப்புக் கட்டணத்தில் உதவி, வாரத்தில் இரண்டு மாலை பள்ளிக் கோல்கீப்பர்களுக்கு மட்டுமான வகுப்பு. ஒரு மில் முதலாளி வீட்டுத் திருமணப் பந்தல் செலவில் இதைப் பல ஆண்டுகள் நடத்தலாம்.

"இலக்கியப் பத்திரிகை படிக்கிறவர்களிடம் இதை ஏன் சொல்கிறீர்கள்?" என்பது கடைசி ஆட்சேபம். அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். கோல்கீப்பரின் தனிமையைப் படிமமாக எடுத்துக்கொண்டவர்கள் நாம். படிமத்தை எடுத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டோம். பெனால்டி உதைக்கு முன்னால் நிற்பவனின் பதற்றத்தை ஜெர்மன் வழியாக வாசித்து வியக்கிற நாம், வெலிங்டனின் பனிக்குளிரில் ஒரு முன்கள ஆட்டக்காரர் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்ற முதல் நாளைக் கற்பனை செய்துகூடப் பார்த்ததில்லை. தங்கராஜுக்குத் தமிழில் ஒரு முழுமையான வாழ்க்கை வரலாறு எழுதப்பட வேண்டும். அவர் காலத்துப் பட்டாளத்து ஆட்டக்காரர்களில் எஞ்சியிருப்பவர்களிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது. நம்மில் எவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகாது.

காம்யுவைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுங்கள். பேசி முடித்து வெளியே வரும்போது, பக்கத்து மைதானத்தில் செருப்புகளுக்கு நடுவே நிற்கிற பையனை ஒரு நிமிடம் பாருங்கள். அவனுக்கு எப்படி விழுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.