ஒட்டு என்னும் வசைச்சொல்

'ஒட்டுச்செடி' என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் வசையாகிப் பல காலமாயிற்று. புதுக்கவிதை மேலைநாட்டுக் கிளையைக் கொணர்ந்து ஒட்டியது. நாவல் ஓர் ஒட்டுமரம். இன்னாருடைய நடை ஒட்டுப்பழம் போலப் பார்க்கப் பருத்திருக்கும், மணம் இராது. சில ஆண்டுகளுக்கு முன் உதகையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் இதனை அரைமணி நேரம் விரித்துரைத்தபோது நாங்களும் தலையசைத்துக் கேட்டோம். எங்களுள் ஒருவர் கைதட்டவும் செய்தார். அதன்பின் ஈராண்டுகள் ஒரு மரத்தை ஒட்டுக்கட்டக் கற்றுப் பெரும்பாலும் தோற்று, சிறிதே வென்றோம். இன்று அந்தத் தலையசைப்புக்காக வெட்கப்படுகிறோம். உவமைமீது எங்களுக்குக் குறையில்லை. உவமைக்கு எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றிப் பேசியவருக்கும் கேட்ட எங்களுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதே குறை.

நாங்கள் நால்வர். குன்னூரில் ஞாயிறுதோறும் கூடி ஏதேனும் ஒரு நூலைச் சேர்ந்து வாசிப்பவர்கள். ஒருவர் அஞ்சல்துறையில் ஓய்வுபெற்றவர்; ஒருவர் தேயிலைத் தோட்டக் கணக்கர்; ஒருவர் பள்ளி ஆசிரியை; மற்றொருவர் கல்லூரியில் அணியிலக்கணம் நடத்துபவர், இதை எழுதும் கையும் அவருடையதே. கணக்கர் நெடுங்காலம் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு பெர்சிமன் மரம் நின்றது. எங்கள் வாசிப்பு பெரும்பாலும் அதனடியில்தான் நடந்தது. 2022 சனவரியில் வீடு கைமாறியது. வாங்கியவர் அதை இடித்துவிட்டுச் சுற்றுலாப் பயணியர்க்கு அறைகள் கட்டப்போவதாகவும் மரம் இராது என்றும் மரியாதையாகவே சொன்னார். ஓராண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது.

சமவெளி நண்பர்கள் பலர் பெர்சிமனைக் கண்டிருக்க மாட்டார்கள். பார்வைக்குத் தக்காளி, நிறத்தில் ஆரஞ்சு, தலையில் நான்கு மடல் கொண்ட பச்சைத் தொப்பி. குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டிய பழப்பண்ணையில் இம்மரங்கள் உண்டு. பருவத்தில் பழம் விற்பனைக்கும் வரும். பழத்தில் இருவகை. ஒன்றைக் கெட்டியாக இருக்கையிலேயே கடித்துத் தின்னலாம். மற்றொன்று கூழாகக் கனியும்வரை நாக்கைத் தடிக்கச் செய்யும் துவர்ப்பு உடையது. எங்கள் மரம் இரண்டாம் வகை. அரிசி டின்னில் புதைத்து வைத்துப் பொறுத்திருந்தால் கரண்டியால் வழித்துண்ணும் தேனாகும். பொறுக்கமாட்டாமல் கடித்த விருந்தினர் முகங்கள் எங்கள் வாசிப்பு வட்டத்தின் நினைவுக் களஞ்சியத்தில் பல உள.

ஜப்பானியர் இதனைக் 'காகி' என்பர். மசாவோகா ஷிகி (1867–1902) இப்பழத்தின்மேல் கொண்ட பித்தும், ஹோர்யூஜி கோயில் மணியோசையோடு இதனைச் சேர்த்து அவர் எழுதிய ஹைக்கூவும் நம் சிற்றிதழ் வாசகர் அறிந்தவையே. ஆயினும் இது நமக்கு முற்றிலும் அயல் அன்று. தாவரவியலார் வகுத்த டயோஸ்பைராஸ் என்னும் பேரினத்தில், கருங்காலி என நாம் வழங்கும் எபனியும், பீடி இலை தரும் மரமும், மீன்வலைக்கும் படகுக்கும் துவர் ஏற்றப் பயன்பட்ட பனிச்சையும் பெர்சிமனுக்கு உடன்பிறந்தவை. பனிச்சைக் காயைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதே மடல் தொப்பி தெரியும். உரைகளிலும் அருஞ்சொற்பொருள் பட்டியல்களிலும் 'ஒருவகை மரம்' என்றே படித்துத் தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர்கள் நாம்; அந்த 'ஒருவகை'க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருநாள்கூட அடுத்த கட்டடத்திலிருந்த தாவரவியல் துறைக்குப் போனதில்லை.

மரத்தைக் காப்பாற்றுவது என்றதும் எங்களுக்கு முதலில் தோன்றியது விதைதான். பழவியல் பண்ணைகளில் வேலைசெய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை அஞ்சல்துறை நண்பர் அழைத்துவந்தார். அவர் சிரித்தார். "விதை போட்டா இந்த மரம் வராது சார். இதோட புள்ளை வரும். புள்ளை அப்பன் மாதிரியா இருக்குது?" பெர்சிமன் விதைக்கன்று தாயின் பழத்தைத் தருவது அரிது, சில கன்றுகள் ஆண்பூ மட்டுமே பூத்து நின்றுவிடுதலும் உண்டு. அதை அறியவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பிறகு அவர் குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடிமரத்தைத் தடவிக் காட்டினார். ஒரு வளையம் போலத் தடிப்பு. அதற்குக் கீழே பட்டை ஒரு விதம், மேலே வேறு விதம். "அடியில ஒரு மரம், மேல ஒரு மரம். யாரோ கட்டினது." வேர்ப்புறத்தில் முளைத்துக்கிடந்த பக்கக்கன்றுகளின் இலை சிறுத்தும் நீண்டும் வேறாக இருந்ததை அத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டதே இல்லை. எவ்வளவோ பக்கங்களை நுணுகிப் படித்தோம் அதன் நிழலில்! இமாசலப் பகுதியில் பெர்சிமனைக் கட்டுவதற்கு அதே பேரினத்து மற்றொரு சிற்றினமாகிய டயோஸ்பைராஸ் லோட்டஸ் என்பதன் கன்றுகளையே வேர்ச்செடியாகக் கொள்வர். இதுவும் அத்தகையதே என்றார் பெரியவர். அந்தப் பக்கக்கன்றுகளை வேரோடு பெயர்த்துத் தகர டப்பாக்களில் நட்டோம். மரத்தின் மேல்பாதியை அதன் கீழ்ப்பாதியின் மக்கள்மேல் கட்டுவது என்பது திட்டம்.

ஆப்பு ஒட்டு முறை சொல்வதற்கு எளிது. மரம் இலையுதிர்த்து உறங்கும்போது, போன பருவத்தில் வளர்ந்த பென்சில் பருமனுள்ள குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றிப் பாலித்தீன் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். அருகே ஆப்பிள், வாழை வைத்தலாகாது, பழம் விடும் வாயு மொட்டுகளைக் கெடுக்கும். வேர்ச்செடி துளிர்க்கத் தொடங்குகையில் அதன் தலையைச் சீவி, நடுவே ஓர் அங்குல ஆழத்துக்குப் பிளந்து, இரண்டு மூன்று மொட்டுள்ள குச்சியின் அடியை ஆப்பு வடிவாகச் செதுக்கிச் செருக வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் நூலளவு பச்சைப் படலம் ஒன்றுண்டு. இரண்டிலும் உள்ள அப்படலங்கள் ஒரு பக்கமாவது ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால் ஒட்டு, தொடாவிட்டால் விறகு. பின் நாடாவால் இறுகக் கட்டி, காற்றும் நீரும் புகாமல் மூட வேண்டும். (பிளாஸ்டிக் தடையுள்ள மாவட்டத்தில் நாடாவாகப் பயன்பட்டது கழுவிக் காயவைத்துக் கீறிய பால் பாக்கெட் உறை என்பதைப் பதிவு செய்துவிடுகிறோம்.)

2022 பிப்ரவரியில் ஐந்து கட்டினோம். ஐந்தும் கருகின. பெர்சிமனின் துவர்ப்பு பழத்தோடு நிற்பதன்று. வெட்டிய முகம் காற்றுப்பட்டதும் கறுக்கிறது, கத்தியும் கறுக்கிறது. நாங்களோ ஒவ்வொரு வெட்டையும் ஒருவர்க்கொருவர் காட்டி, சரிதானா என்று விவாதித்துக் கொண்டிருந்தோம். கவிதைக்குப் பாடவேறுபாடு பார்க்கும் பழக்கம். வேர் பெயர்த்த கன்று மண்ணில் பிடிக்குமுன் கட்டியதும், அந்த மாதத்துக் குளிரும் சேர்ந்துகொண்டன. இந்த மரம் ஒட்டுவதற்கு வெப்பம் வேண்டும், அவசரம் ஆகாது. அடுத்த ஓராண்டு கொய்யாக் குச்சியிலும் ரோசாக் குச்சியிலும் கை பழகினோம். ஆசிரியையின் கை எங்களினும் விரைவாகத் தேறியது. வெட்டு ஒன்று, இழுப்பு ஒன்று, முகம் கண்ணாடி. 2023 மார்ச்சு இறுதியில், வேர்ச்செடிகள் இலைவிட்ட பிறகு, அவர் ஏழு கட்டினார். நாங்கள் நாடா பிடித்தோம். மூன்று துளிர்த்தன. மே மாதம் பழைய மரம் வெட்டப்பட்டது. மழைக்காலத்தில் ஒன்று அழுகியது. இரண்டு உள்ளன.

இனி அந்தப் பேச்சாளருக்கு வருவோம். ஒட்டு என்றால் கலப்பு என்று அவர் எண்ணியிருந்தார். நாட்டில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகின்றனர். கலப்பினம் வேறு, ஒட்டு வேறு. ஒருமரத்து மகரந்தம் மற்றொன்றின் பூவில் சேர்ந்து விதையாகி, இரண்டும் அல்லாத மூன்றாவது பிறப்பது கலப்பு. ஒட்டில் அப்படி எதுவும் பிறப்பதில்லை. கீழே இருப்பது கீழேயுள்ளதாகவும் மேலே இருப்பது மேலேயுள்ளதாகவும் ஆயுள் முழுதும் நிற்கின்றன. வேர், மரத்தின் உயரத்தையும் தாங்கும் வலிமையையும் மாற்றலாம். பழத்தின் குலத்தை மாற்றுவதில்லை. மணமற்ற மாம்பழத்துக்குக் காரணம் அந்த இரகமும் அதைப் பிஞ்சில் பறித்த வணிகமும், ஒட்டு அன்று. உண்மையில் ஒரு மரத்தை எவ்வித மாற்றமும் இன்றிக் காலத்தினூடே கொண்டுசெல்லத் தோட்டக்காரர் கண்ட வழிகளுள் ஒன்று அது. ஆகவே, நாவலை ஒட்டுமரம் என்பவர், தாம் அறியாமலே, அது பிறந்த இடத்து நாவலாகவே பிறழாமல் இருக்கிறது என்று சொன்னவராகிறார். அவர் சொல்ல விரும்பியது அதற்கு நேர்மாறு. நம் மண்ணில் நாவல் ஒட்டாகவும் இல்லை. விதையாக விழுந்து, தந்தையின் முகச்சாயலை இழந்து, நம் வெயிலுக்கேற்ப வேறொன்றாக வளர்ந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். அதைப் பழிக்க விரும்புவோர் வேறு மரத்தைத் தேடிக்கொள்ளட்டும்.

தண்டியலங்காரத்தில் ஒட்டு என்றே ஓர் அணி உண்டு. கருதிய பொருளை மறைத்து, அதற்கு ஒத்த வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது; நுவலா நுவற்சி என்றும் அதற்குப் பெயர். இருபதாண்டு அதை நடத்தியவர் சொல்கிறார்: அவ்வணியிலும் இரண்டு பொருள்கள் கரைந்து ஒன்றாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறது.

எங்கள் ஆசிரியை இந்த வாதத்தை முழுதும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் நாகசாகி மரத்தை நினைவூட்டினார். 1945இல் அணுகுண்டுக்குத் தப்பிய பெர்சிமன் ஒன்றுக்கு மரமருத்துவர் மசாயுகி எபினுமா பண்டுவம் பார்த்து, 1994இல் அதன் விதையிலிருந்து கன்றுகள் எடுத்தார். கலைஞர் தாட்சுவோ மியாஜிமா அவரோடு இணைய, 1996 முதல் அக்கன்றுகள் பல நாடுகளில் குழந்தைகளின் கையால் நடப்பட்டு வருகின்றன. அவை ஒட்டுகள் அல்ல, பிள்ளைகள். "வெந்த மரத்தையே அப்படியே பிரதி எடுப்பதைவிட, அதற்குப் பிள்ளை பிறப்பதல்லவா வேண்டும்?" என்பது அவர் கேள்வி. எங்களிடம் விடை இல்லை. எங்கள் மரம் எந்தப் பேரழிவையும் கண்டதன்று. எங்களுக்கு வேண்டியிருந்தது அதே துவர்ப்பும் அதே தேனும், அவ்வளவே.

இரண்டு கன்றுகளுள் ஒன்று அஞ்சல்துறை நண்பரின் வாசலில் நிற்கிறது. மற்றது, கணக்கர் குடிபோன வீட்டின் கொல்லையில். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விடும் துளிர்களை வாரந்தோறும் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் அதுவே மேலோங்கி, ஒட்டுக் கிளை பட்டுவிடும். கணக்கர் ஒரு துளிரை மட்டும் இரண்டு மாதம் கிள்ளாமல் விட்டிருந்தார். கேட்டதற்கு, அதுவும் அந்த மரந்தானே என்றார். பெரியவர் வந்து பார்த்து, பேசாமல் அதைக் கிள்ளினார். போகும்போது, வரும் சனவரியில் தமக்கும் இரண்டு குச்சி எடுத்துவைக்கச் சொன்னார்.