கல்யாணம் நிஜம், கடிதம்தான் நம்பவில்லை

தலைநகரில் வாழும் நம்மவர் வீடுகளில் கனடா மாப்பிள்ளை அமைந்தால் எல்லாமே அவசரம்தான். பையனுக்கு இரண்டு வார லீவு. ஜாதகம் போனிலேயே பார்த்தாயிற்று. ஞாயிறன்று பெண் பார்த்தல், அடுத்த வெள்ளி முகூர்த்தம். பிறகு அவன் விமானம் ஏறுகிறான், பெண் விசாவுக்குக் காத்திருக்கிறாள். மாதங்கள் கழித்துக் கடிதம் வருகிறது: இத்திருமணம் உண்மையானது என்று நம்ப இயலவில்லை!

உடனே வீட்டில் இழவு விழுந்தாற்போல் ஆகிவிடுகிறது. வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர் கெடும் என்று வாயைப் பூட்டிக் கொள்கிறார்கள். என் ஆட்சேபணை இதற்குத்தான். கனடாவில் மேல்முறையீடு செய்யத் தரப்படும் கெடு 30 நாட்கள். அதைச் செய்ய வேண்டியவர் அங்கிருக்கும் கணவர், இங்கிருக்கும் பெண்ணல்ல. மானத்தை நினைத்து மௌனம் காப்பதிலேயே அந்த நாட்கள் கரைந்து விடுகின்றன.

அந்தக் கடிதம் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றியதே அல்ல. அந்நாட்டுக் குடிவரவு விதிகளின் 4-ஆம் பிரிவைப் பற்றியது. கல்யாணம் உண்மையாக இருக்க வேண்டும். அதன் முக்கிய நோக்கம் குடியேற்றமாக இருக்கக் கூடாது. 2010 வரை இரண்டு குறையும் சேர்ந்திருந்தால்தான் மறுக்க முடிந்தது. அந்த ஆண்டு திருத்தத்துக்குப் பின் ஒன்றே போதும். (பிரிட்டனிலும் இப்படியொரு 'முக்கிய நோக்க' விதி நம் நாட்டவரை வெகுகாலம் படுத்தியது. 1997-இல் அதைக் கைவிட்டார்கள்.) பணத்துக்காகக் காகிதக் கல்யாணம் செய்பவர்களும் உண்டு என்பதால், அதிகாரியின் சந்தேகத்தை முழுக்க அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அத்தை மகனைக் கட்டினால், உறவுக்காரனுக்குச் செய்த உதவியோ என்று தோன்றும். ஆடிக்குப் பெண் தாய்வீட்டில் இருந்தால், சேர்ந்து வாழவில்லையோ என்று தோன்றும். பத்திரிகையில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரோடு வேறொரு பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். இவற்றையெல்லாம் விளக்கி ஒரு பக்கம் எழுதி வைக்க நமக்குத் தோன்றுவதில்லை. தாலி கட்டும் போட்டோக்களை மட்டும் கட்டுக்கட்டாக அனுப்புகிறோம்.

இதைவிட மோசம், சில ஏஜெண்டுகள் சொல்லிக் கொடுக்கும் காதல் கதை. பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணத்தை இரண்டு வருஷக் காதல் என்று பெண் சொல்வாள். பையனோ இண்டர்வியூவில் ஞாயிற்றுக்கிழமைப் பெண் பார்த்தலைச் சொல்வான். பொய் என்று நிரூபணமானால் ஐந்தாண்டுத் தடையே வரலாம். ஜாதகம் பார்த்து நிச்சயித்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மறுப்பு வந்த வீட்டார் முதலில் காரணங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதிகாரி எழுதி வைத்த குறிப்புகளைக் கணவர் அந்நாட்டுத் தகவல் பெறும் சட்டப்படி கேட்டு வாங்கலாம். மேல்முறையீட்டில் புதிய சாட்சியங்களையும் எடுத்துக் கொள்கிறார்கள். ஆகவே மறுப்புக்குப் பின் கணவர் ஊருக்கு வந்து போன டிக்கெட், இருவரும் பேசிய போன் விவரம், அனுப்பிய பணத்தின் ரசீது, நாத்தனார் எழுதிய கடிதம் எல்லாமே பயன்படும். பழைய விவாகரத்து ஏதும் இருந்தால் அந்தத் தீர்ப்பு நகலையும் சேர்த்தே வையுங்கள். மண்டப ரசீதையும் தேடி எடுங்கள். அது அநேகமாகப் பெண்ணின் சித்தப்பாவிடம்தான் இருக்கும்.