மலிவான கித்தாருக்கும் மரியாதை வேண்டும்

கித்தார் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் நம் கழகத்தில் இல்லாமல் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் விடுதியின் நடைவழியில் நடந்து பார்த்தாலே தெரியும். ஆயினும் நம் கலை இரவுகளில் பாடுவோர் பெரும்பாலும் மைனஸ் ஒன் இசைக்கே பாடுகின்றனர். ஒரு பென் டிரைவைச் செருகினால் வயலினும் புல்லாங்குழலும் தபேலாவும் வந்துவிடுகின்றன. வாசிப்பதற்கு மனிதர்கள் தேவைப்படுவதில்லை. “ஏன் தம்பி, நீங்களே ஒரு குழுவாகச் சேர்ந்து வாசிக்கக் கூடாதா?” என்று கேட்டால், வரும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: “நல்ல கித்தார் இல்லைண்ணே.”

நல்ல கித்தார் என்று அவர்கள் கருதுவது எது? ஃபெண்டர், அல்லது கிப்சன். அதுவும் அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். ஓராண்டுக்குக் கிடைக்கும் பி.டி.பி.டி.என். கடனை மொத்தமாக விழுங்கிவிடும் விலை. படித்து முடித்து, வேலை கிடைத்து, கார் வாங்கி, அதன் பிறகு அந்தக் கித்தாரை வாங்கி வாசிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் விரல் நுனிகளில் இருந்த தழும்பு மறைந்துவிடுகிறது.

இந்தக் காத்திருப்புக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மலேசியாவில் சாதாரண மரக்கித்தாரை மலாய்க்காரர்கள் ‘கித்தார் கப்போக்’ என்பார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் செய்யப்பட்டு இங்கு வந்த ‘கப்போக்’ என்ற மலிவான கித்தாரின் பெயரே எல்லா மரக்கித்தார்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கப்போக் என்றால் இலவ மரம். இலவு காத்த கிளிகள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, இலவின் பெயர் கொண்ட கித்தாரைக் கையில் எடுத்தவர்கள் நாடு முழுவதும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் இங்கே பேச வந்தது மரக்கித்தாரைப் பற்றியன்று. ஒரு மின் கித்தாரைப் பற்றி. யமஹா நிறுவனத்தின் பசிஃபிக்கா 112. தொண்ணூறுகளில் வெளிவந்த அதன் பழைய வடிவத்தையே குறிப்பிடுகிறேன். விலைமதிப்புள்ள பழைய கித்தார்களின் பட்டியலைப் போடுகிறவர்கள் இதனைச் சேர்ப்பதில்லை. இசைக்கருவிக் கடைக்காரர்களும் ‘பழகுவதற்கு ஏற்றது’ என்று சொல்லித்தான் விற்றார்கள். முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் அதே அடைமொழிதான் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அடைமொழி அதற்கு இழைத்த அநீதி என்பது என் கருத்து.

மலாக்காவில் பிறந்தவர்களுக்குக் கித்தார் அந்நியமான பொருள் அன்று. உஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பில் ‘ஜிங்க்லி நோனா’ பாட்டுக்குக் கித்தாரும் வயலினும் ஒலிப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். மின் கித்தாரின் அலை சற்றுப் பிந்தி வந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, தீபகற்பம் முழுவதும் இளைஞர்கள் கித்தார் குழுக்களை அமைக்கத் தொடங்கினர். ‘பாப் யே யே’ என்ற அந்த அலையில் பிறந்த சொல்தான் ‘குகிரான்’. விறுவிறுப்பான கித்தார் குழு என்று பொருள். பிறகு பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் எலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாடல்களைப் பாடி நாடறிந்தவர்களானார்கள். அண்ணன் தம்பி இருவரும் தமிழர்கள் என்பது தோட்டத்து இளைஞர்களுக்கு எத்தகைய தெம்பைக் கொடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் தோட்டத்துக் குழுக்களின் பாடு வேறு. மலாக்கா, 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பரை நட்ட மாநிலம். ஜாசின், மெர்லிமாவ், செர்காம், காடேக், தெபோங் என்று எங்கு திரும்பினாலும் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு திடல். ஒரு திருவிழா இரவில் அந்தத் திடலில் வாசிக்கும் குழு என்னவெல்லாம் வாசிக்க வேண்டும் தெரியுமா? முதலில் பிள்ளையார் பாட்டு, இரண்டு அம்மன் பாட்டு. பிறகு எம்.ஜி.ஆர். படப் பாடல், இல்லையேல் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதன் பிறகு இளையராஜா. மானேஜர் வந்திருந்தால் ஒரு மலாய்ப் பாட்டு. நள்ளிரவில் இளைஞர்கள் கேட்கும் வேகப் பாட்டு. இவை அனைத்திற்கும் கித்தார் ஒன்றே ஒன்று, அதை வாசிப்பவரும் ஒருவரே. மறுநாள் காலையில் அவர் பால்மரம் வெட்டப் போக வேண்டும், அல்லது பத்து பெரெண்டாம் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு எத்தகைய கித்தார் பயன்படும் என்று எண்ணிப் பார்த்தால்தான் பசிஃபிக்காவின் அருமை புரியும்.

மின் கித்தாரில் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதனைப் பிக்கப் என்கிறோம். கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதைத்தான் ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப்பின் ஒலி மணியடிப்பதுபோல் தெளிவாக இருக்கும். ஆனால் அருகில் உள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது சேர்த்தே இழுத்துக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், ஒலியும் தடிக்கும். இதுவே ஹம்பக்கர். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் உருவாக்கியது.

பசிஃபிக்கா 112இல் இரண்டு ஒற்றைச் சுருள்களும், பாலத்தின் அருகே ஒரு ஹம்பக்கரும் உள்ளன. ஐந்து நிலை கொண்ட ஒரு விசையைத் தள்ளினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலுக்குக் கழுத்துப்பக்கச் சுருள். நள்ளிரவு வேகப் பாட்டுக்கு ஹம்பக்கர். தோட்டத்துத் திடலில் டியூப் லைட்டுகளை வரிசையாகக் கட்டி, எங்கிருந்தோ ஒயர் இழுத்து மின்சாரம் கொடுத்திருப்பார்கள். அங்கே ஒற்றைச் சுருள் ‘ஙொய்’யென்று இரையும். அந்த இரைச்சலை ஒரு விரலசைப்பில் நிறுத்த முடிவது வித்துவான்களுக்குச் சிறிய விஷயமாக இருக்கலாம். கோயில் தலைவரின் முறைப்பைச் சந்தித்தவருக்கு அது சிறிய விஷயம் அன்று.

உடல் ஆல்டர் மரம். அந்நாளில் இதே விலைக்கு விற்ற பல கித்தார்களின் உடல் ஒட்டுப்பலகை. பசிஃபிக்காவின் உடலும் பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டியதுதான். ஆனால் அத்தனையும் மெய்யான மரம். கழுத்து மேப்பிள் மரம். நான்கு திருகாணிகளால் உடலோடு முடுக்கப்பட்டிருக்கும். பழுதானால் கழற்றிச் சரிசெய்யலாம் என்பது இதன் நன்மை. 22 ஃபிரெட்டுகள். இந்த வரிசையை யமஹாவின் கலிபோர்னியா வடிவமைப்புப் பிரிவினர் உருவாக்கினர், 1990இல் வெளிவந்தது. ஜாஸ் கலைஞர் மைக் ஸ்டெர்ன் பெயரிலேயே ஒரு பசிஃபிக்கா உண்டு. அதே குடும்பத்தின் எளிய பிள்ளைதான் 112.

பிறகு ஏன் மதிப்பில்லை? ஒரு காரணம் பெயர்தான் என்று நினைக்கிறேன். நம் தோட்டங்களில் யமஹா என்றால் மோட்டார்சைக்கிள். “மோட்டார் கம்பெனிக்காரன் செய்த கித்தாரா?” என்று சிரித்தவர்களை நான் அறிவேன். உண்மையோ தலைகீழ். 1887இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளியின் ஆர்மோனிய வகைக் கருவியைப் பழுது பார்த்த தொராகுசு யமஹாவிடமிருந்து தொடங்கியது இந்நிறுவனம். மோட்டார்சைக்கிள் 1955இல்தான் வந்தது. உங்கள் அப்பாவின் பழைய மோட்டார் டாங்கியில் உள்ள சின்னத்தை உற்றுப் பாருங்கள்: அது மூன்று இசைக்கவைகள்!

மற்றொரு காரணம், விலையை வைத்தே தரத்தை அளக்கும் நம் பழக்கம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தபோது அது அருங்காட்சியகப் பொருள் அன்று, வேலைக்காரனின் கருவி. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் வானொலி பழுது பார்த்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. அதே வடிவ உடலில் ஹம்பக்கரைப் பொருத்திப் புகழ்பெற்றவர் எடி வான் ஹேலன். எழுபதுகளில் 50 டாலருக்கு ஓர் உடலையும் 80 டாலருக்கு ஒரு கழுத்தையும் வாங்கித் தாமே பூட்டிக்கொண்டார். 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தக் கித்தாரைக் காட்சிக்கு வைத்தது. பசிஃபிக்காவின் பிக்கப் அமைப்பு அந்த வழியில் வந்ததே.

குறை இல்லாத கருவி என்று நான் வாதாடவில்லை. பழைய 112இன் ஹம்பக்கர் என் காதுக்குச் சற்றுக் காரமாகவே ஒலிக்கும். டோன் குமிழைக் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும். சுருதியை நெளிக்கும் இரும்புக் கையை வேகமாக அழுத்தினால் சுருதி விலகும். எனக்குத் தெரிந்த வாசிப்பாளர்கள் பலர் அந்தக் கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பாலத்தின் பின்னால் ஒரு மரத்துண்டைச் செருகி அசையாமல் இறுக்கிவிடுவார்கள். அழகாக இராது. ஆனால் விடியும்வரை சுருதி நிற்கும்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகளில் இருந்தவர்கள் நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். குழுக்கள் கலைந்தன. கித்தார்கள் அலமாரியின் மேலும் கட்டிலின் அடியிலும் கிடக்கின்றன. சில, பேரப்பிள்ளைகள் கம்பியை அறுத்து விளையாடும் பொருளாகிவிட்டன. இணையத்தில் பழைய பொருள் விற்கும் இடங்களில் ஆயிரம் ரிங்கிட்டுக்குள்ளேயே ஒரு பழைய 112 கிடைக்கும். நம் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் சில கைப்பேசிகளின் விலையில் இது பாதிகூட இல்லை. வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கேட்டுப் பார்த்தால் காசில்லாமலும் கிடைக்கலாம். கேட்கும்போது, அவர் எந்தக் குழுவில் வாசித்தார், எந்தத் தோட்டத்தில், என்ன பாட்டு என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். உஜோங் பாசிர் இசையைப் பற்றி எழுத ஆள் உண்டு. ஜாசின் தோட்டத்துக் கித்தார்காரரைப் பற்றி எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வாங்கச் செல்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் நோக்குங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் அது வளைந்திருக்கலாம். சிறு வளைவென்றால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை முடுக்கி நிமிர்த்தலாம்; முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குமிழைத் திருகும்போது கரகரவென்றால் அஞ்ச வேண்டாம். தூசிதான், துப்புரவுத் திரவம் தெளித்தால் போய்விடும். ஒலி விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் வயர் செருகும் துளையின் ஈயப்பற்று விட்டிருக்கும். பொறியியல் புலத்து நண்பர் ஒருவரைப் பிடித்தால் பத்து நிமிட வேலை.

நம் கழகச் செயலவையினருக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த கலை இரவில் ஒரே ஒரு பாட்டுக்காவது பென் டிரைவை ஒதுக்கி வையுங்கள். ஒலிபெருக்கிச் சாதனங்களை எப்படியும் வாடகைக்கு எடுக்கிறீர்கள். கித்தார் செருக ஒரு வயரும் சிறிய எம்ப் ஒன்றும் கூடுதலாகக் கேட்டால் போதும். ஒரு பழைய கித்தார், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, தவறு நேர்ந்தால் சிரித்துக்கொண்டே தொடரும் நான்கு பேர். ஒத்திகைக்கு இரண்டு மாதம் கொடுங்கள். தேர்வுக் காலத்தில் வைத்துவிடாதீர்கள்.